கே.ஆர்.புரத்தில் கேட்காத பத்தி

பங்காருப்பேட்டை ரயில் நிலையத்தில் காலை ஆறரை மணிக்குப் பனி இன்னும் விலகவில்லை. முந்தின நாள் கும்பகோணத்திலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து பகல் வண்டி பிடித்து, ஸ்டேஷன் எதிரில் ஒரு லாட்ஜில் எழுநூறு ரூபாய்க்கு இரும்புக் கட்டிலில் தூங்கி எழுந்திருந்தேன். எழுந்திருந்தேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. உடம்புதான் எழுந்தது, தூக்கம் என்னோடு நடைமேடைக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. கையில் பெங்களூருக்கு இருபது ரூபாய் டிக்கெட். எழுபது கிலோமீட்டர் பயணம். உண்மையில் நான் போகவேண்டிய இடம் பெங்களூர்கூட இல்லை. பெங்களூர் போகிற அந்த ரயிலின் மூன்றாவது பெட்டி.

'மூன்றாம் பெட்டி' என்று ஒரு சிற்றிதழ் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒன்று, விலை நாற்பது ரூபாய். கோலார் தங்க வயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற தமிழர்கள் நடத்துகிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு ஊரில் வேலை இல்லை, ஊரை விட்டுப் போக மனமும் இல்லை. அதனால் விடியலில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு சேருகிறார்கள். நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். யாரும் கேட்காத இதழ்களை வாங்கி அடுக்குவது என் உத்தியோகம். அடுக்குவதற்கு முன் அவற்றைப் படித்துத் தொலைப்பது என் பலவீனம்.

அப்படிப் படித்ததில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இதழில் யார் கதை எழுதினாலும், முக்கால்வாசி தாண்டிய இடத்தில் ஒரு பத்தி சும்மா கிடக்கும். கதை விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒருத்தி பாத்திரம் கழுவ ஆரம்பிப்பாள். அல்லது ஒருவர் துணி மடிப்பார். மொட்டைமாடியில் ஒரு காகம் வந்து உட்காரும், எழுந்து போகும், மறுபடி உட்காரும். அரைப் பக்கத்துக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து கதை ஓடும். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைப் பற்றிப் பேசினோம். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அதற்கு 'நிச்சலன அழகியல்' என்று பெயர்கூட வைத்துவிட்டார். எனக்கு மட்டும் சமாதானமாகவில்லை. இத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில் எப்படிப் பாத்திரம் கழுவுவார்கள்? ஆசிரியர் பாக்கியநாதனுக்குப் போன் போட்டேன். "நேர்ல வாங்க மேடம். போன்ல சொன்னா புரியாது," என்றார்.

வண்டி பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்தது. மூன்றாவது பெட்டியின் வாசலில் கை அசைத்தவர்தான் பாக்கியநாதன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, சட்டைப்பையில் மூன்று பேனா. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளினிக்கில் கணக்கு எழுதுகிறார். எனக்காக ஒரு கைக்குட்டையை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கைக்குட்டை அளவுக்கு மேல் ஒரு அங்குலம்கூட இடம் இல்லை. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம், மாலூர் வந்தா இன்னும் கம்மி ஆயிடும்," என்று ஆறுதல் சொன்னார்.

எதிர் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அமுதா, சேகர். இருவருக்கும் முப்பத்தைந்து நாற்பது வயதுக்குள் இருக்கும். தங்க வயலில் ஊர்காம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அமுதா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். சேகருக்கு ஜீவனஹள்ளியில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. இருவரும் பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்குவார்கள். சேகர் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். பேச்சுக்கு இருக்கட்டும் என்று பையிலிருந்த பழைய இதழ் ஒன்றை அவரிடம் நீட்டினேன். வாங்கி, அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கன்னடா மீடியம் மேடம். தமிழு படிக்க வராது. காதுலதான் படிப்பேன்," என்றார்.

"காதுலயும் எங்க? தூங்கிடுவாரு," என்றாள் அமுதா. அவர் சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் பாக்கியநாதன் ஆரம்பித்தார். "இதான் மேடம் விஷயம். இந்தப் பெட்டில எல்லாரும் தமிழு பேசறவங்க. படிக்கத் தெரிஞ்சது பாதிப் பேரு. ஒருத்தன் கன்னடா மீடியம், ஒருத்தன் இங்கிலீஷ் மீடியம். இவங்கள விட்டுட்டு யாருக்குப் பத்திரிகை போடறது? அதான், கதைன்னு ஒண்ணு வந்தா மொதல்ல இங்க சத்தமா படிச்சிடறது. ஈஸ்ட் வர்றதுக்குள்ள கை தூக்கணும். ஜாஸ்தி கை வந்தா அச்சுக்குப் போவும்."

"எழுதினவர் யார் என்று தெரியாதா?"

"எனக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்ல மாட்டேன். எழுதினவங்களும் இங்கதான் எங்கயாச்சும் குந்தி இருப்பாங்க, மூச்சு விட மாட்டாங்க. கை தூக்கி முடிஞ்சப்பறம்தான் பேரு."

"சன்மானம் உண்டா?"

"ஒரு மாசம் சன்னல் சீட்டு," என்றார் பெருமையாக. நிற்கவே இடமில்லாத அந்தப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தபோது, சில பெரிய பத்திரிகைகள் கொடுப்பதைவிட இது தாராளம் என்றுதான் எனக்குப் பட்டது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால், அன்றைக்கு விருந்தாளிதான் படிக்க வேண்டும். உள்ளூர்க்காரர் படித்தால் யார் கதை என்று குரலே காட்டிக்கொடுத்துவிடுமாம். பாக்கியநாதன் கிளிப் போட்ட சில தாள்களை என் மடியில் வைத்தார். பயணக் களைப்பு, தொண்டைக்கட்டு என்று நான் சொன்ன எதுவும் அங்கே எடுபடவில்லை.

"அதெல்லாம் சரி. அந்தப் பாத்திரம் கழுவுகிற பத்தி?" என்றேன்.

பாக்கியநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். "அது கே.ஆர்.புரம் மேடம்."

கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே எஞ்சின் ஷெட். எஞ்சின்கள் மாற்றி மாற்றி ஊதும். மேலே பாலத்தில் லாரிகள் போகும். பெட்டியில் பாதிக் கூட்டம் அங்கேதான் இடித்துப் பிடித்து இறங்கும், வேறொரு கூட்டம் ஏறும், நடுவில் வடைக்காரர் புகுந்து வருவார். அந்தச் சில நிமிடங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் படிப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஈஸ்ட் வருவதற்குள் கதை முடியாது. இதழ் தொடங்கிய புதிதில் ஒரு கதையின் நாயகன் சரியாகக் கே.ஆர்.புரத்தில் செத்துப்போய்விட்டான். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில், "அவன் எங்க போனான், சம்சாரம் ஏன் அழுவுது?" என்று கேட்டுவிட்டு ஒருவரும் கை தூக்கவில்லை. அன்றிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் வீட்டில் படித்துப் பார்த்து, நேரம் கணக்குப் பண்ணி, கேட்காவிட்டால் பாதகமில்லாத சமாச்சாரத்தை அந்த இடத்தில் வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

"கே.ஆர்.புரத்துல எதுவும் நடக்கக் கூடாது. அதான் நம்ம பத்திரிகை சட்டம்," என்றார் பாக்கியநாதன். எங்கள் பேராசிரியரின் முகம் என் கண் முன்னால் வந்து போயிற்று. பாவம், இதை அவரிடம் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தபோதே சிரிப்பு வந்தது.

மாலூரில் படிக்கத் தொடங்கினேன். வெளியே ஓட்டுச் சூளைகளின் புகையும் பனியும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தைல மரங்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போயின. அரைத்தூக்கத்தில் படித்ததாலோ என்னவோ, என் குரல் எனக்கே யாரோ அடுத்த அறையில் பேசுவதுபோல் கேட்டது. கதை எளிமையானது. ஒரு கணவனும் மனைவியும், பெயர் இல்லை, 'அவள்', 'அவர்', அவ்வளவுதான். ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள், ஒரே ரயிலில் திரும்புகிறார்கள். சாவி, டிபன் பாக்ஸ், கரண்ட் பில் தவிர வேறு பேச்சு இல்லை. அவளுக்கு நகரத்தில் ஒரு வீடு கிடைக்கிறது. இனி ரயிலே வேண்டாம், போய்விடலாம் என்கிறாள். அவர் காலனி வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். ஏன் என்று அவரும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை.

நின்றுகொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்திருந்தார்கள். தேவனகொந்தியில் ஏறிய ஒருவர் செருப்புச் சத்தம் போட்டதற்கு நாலு பேர் அவரை முறைத்தார்கள். நான் எத்தனையோ இலக்கியக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒரு காதுக் கூட்டத்தைப் பார்த்ததில்லை.

ஒயிட்ஃபீல்டு தாண்டியது. ஹூடி தாண்டியது. பனி விலகி வெயில் வந்திருந்தது. கே.ஆர்.புரம் இன்னும் சற்றுத் தூரம் இருக்கும்போது வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிட்டது. சிக்னல் கிடைக்கவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்த இரைச்சல் அடங்கியது. மின்விசிறியும் நின்றது. வெளியே ஏதோ ஒரு வீட்டு மொட்டைமாடியில் துணிகள் அசையாமல் தொங்கின. அவ்வளவு பெரிய ஊரின் விளிம்பில் அப்படி ஓர் அமைதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் தாளைத் திருப்பினேன். 'அவள் டம்ளர்களைக் கழுவினாள். தட்டுகளைக் கழுவினாள். குக்கர் மூடியைக் கழுவினாள்.' பெட்டியில் ஒரு சிரிப்பு அலை போயிற்று. எல்லோருக்கும் இந்த இடம் எது என்று தெரியும்.

அடுத்த வரி வாய்க்கு வருவதற்கு முன் கண்ணுக்கு வந்துவிட்டது. நான் நிறுத்தினேன்.

"படிங்க மேடம், படிங்க," என்றார் பாக்கியநாதன் உற்சாகமாக. "இத்தினி வருஷத்துல இந்த எடம் இன்னைக்குத்தான் கேக்குது."

அந்தப் பத்தியில் ஒரு பெயர் இருந்தது. பெயரே இல்லாத கதையில், கேட்கவே கேட்காது என்று எழுதினவர் நம்பியிருந்த இடத்தில், ஒரே ஒரு பெயர். எழுதினவர் அதை ஒளித்துத்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தாண்டிப் போய்விடலாம். பத்து வரி, யாருக்கும் தெரியாது. தலையை நிமிர்த்தினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அமுதா தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிபன் பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்திருந்தது. சேகர் சன்னல் கம்பியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தாளை லேசாக உயர்த்தி, படிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். பயமாக இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் தலையை அசைத்தாள். மிகச் சின்ன அசைவு, ஆனால் சம்மதம்தான்.

படித்தேன்.

'நிவேதாவின் பால் சங்கையும் கழுவினாள். நிவேதா போய் நான்கு வருடம். சங்கு அழுக்காவதில்லை, ஆனாலும் தினமும் கழுவினாள். நிவேதா அந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தாள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அவர் தோளில் படுத்திருப்பாள். கோயில் மணி அடித்தால் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் தேடுவாள். அவள் போன பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்று நினைத்து அவள் சொல்லாமல் இருந்தாள். அவர் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்வாள். நிவேதா.'

பாக்கியநாதனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கதையை அவர் முன்பே படித்திருக்கிறார், பெயர் கற்பனை என்று நினைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"மஞ்சள் இல்ல," என்றார் சேகர்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். பிறகு திறந்தார். நேராக மனைவியைப் பார்த்து, "பச்சை. சிவாஜி நகர்ல நான்தான வாங்கினேன். காலர்ல வாத்து இருக்கும்," என்றார்.

"ம்," என்றாள் அமுதா.

"நிவேதாவுக்கு அந்த வாத்துன்னா..." என்று அவர் ஆரம்பித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

கே.ஆர்.புரம் வந்துவிட்டது. எஞ்சின்கள் ஊதின, பாலம் அதிர்ந்தது, கூட்டம் எங்கள் மேல் விழுந்து இறங்கியது, வடைக்காரர் ஏறினார். அந்த இரைச்சலுக்கு நடுவே எதிர் சீட்டில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உதடுகள் அசைவது தெரிந்தது. அவர் கையால் ஏதோ அளவு காட்டினார், அவள் தலையை ஆட்டினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி பேசினாள். ஒரு வார்த்தையும் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க யாரும் முயலவும் இல்லை. நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. அந்த எஞ்சின்கள் இன்னும் கொஞ்ச நேரம் ஊதக் கூடாதா என்று இருந்தது.

பையப்பனஹள்ளி தாண்டியதும் மீதிக் கதையைப் படித்து முடித்தேன். கையைத் தூக்கச் சொல்லப் பாக்கியநாதன் எழுந்து நின்றார். முதல் கை சேகருடையது. கிரீஸ் கறை போகாத கை. பிறகு பெட்டி முழுவதும் கை. பெயரை அறிவிக்கத் தேவை இருக்கவில்லை. சேகர் எழுந்து சன்னல் இடத்தை அமுதாவுக்கு விட்டார். இறங்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் அவள் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.

நானும் ஈஸ்ட் ஸ்டேஷனிலேயே இறங்கினேன். அவர்கள் இருவரும் படியில் சேர்ந்து இறங்கி, கீழே போனதும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். பகல் முழுவதும் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஜீவனஹள்ளியில் ஒரு சந்துக்குள் 'மூன்றாம் பெட்டி' அச்சாகும் அச்சகத்தைப் பார்த்தேன். சாயங்காலம்வரை திருத்தம் வாங்கிக்கொண்டு, அமுதாவின் கதையோடு இரவே இதழை அச்சில் ஓட்டிவிடுவார்களாம். முப்பது ரூபாய்க்கு இட்லி வடை சாப்பிட்டேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மரங்கள் தெருவுக்கு மேல் கைகோத்து நிற்கின்றன. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் தூங்கியும் விட்டேன். யாரோ தூரத்தில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு கதையை ஆளாளுக்குத் தனியாகப் படிப்போம், பிறகு கூடி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவோம். எழுதியவர் எங்கோ இருப்பார். அவர் கதை யாருக்கு என்ன செய்தது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு இதழ் எழுத்தாளருக்கு என்ன தந்துவிட முடியும் என்று இங்கே வரும்வரை என்னைக் கேட்டிருந்தால், பக்கம் தரலாம், பெயர் தரலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாலை ஆறு மணி சுமாருக்குத் திரும்பவும் ஈஸ்ட் ஸ்டேஷன். என் வண்டி கன்டோன்மென்ட்டில். ஆட்டோவில் பத்து நிமிடம்தான். போவதற்கு முன் அமுதாவைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் முதலில் வந்துவிட்டாள். சேகர் இன்னும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரவில்லை. நடைமேடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம்," என்றேன்.

"நான்தான மேடம் தலையாட்டினேன். கே.ஆர்.புரம் இருக்குதுன்ற தைரியத்துலதான் எழுதினேன். அச்சுல வந்தா அவரு படிக்க மாட்டாரு. சத்தத்துல போயிடும்னு நெனச்சேன்." தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நாலு வருஷத்துல அவ பேரு அவரு வாயில இன்னைக்குத்தான் வந்துச்சு."

"அச்சகத்தில் திருத்தம் இன்னும் வாங்குகிறார்களாம். நினைவு தப்பிப்போய் மஞ்சள் என்று எழுதியிருந்தால்..."

"தப்பெல்லாம் இல்ல மேடம். மஞ்சள்தான்," என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"பச்சை அவரு வாங்கினது நெஜம். சிவாஜி நகரு, காலர்ல வாத்து, எல்லாம் நெஜம். அளவு பெரிசாயிடுச்சு. ஒரு வயசு ஆனா சரியா இருக்கும்னு எடுத்து வெச்சோம். பீரோல இருக்குது, மடிப்புகூடப் பிரிக்கல."

படியில் சேகர் ஏறி வருவது தெரிந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மனைவியைத் தேடினார். அமுதா பையை மடியில் எடுத்து வைத்து, பெஞ்சில் அவருக்கு இடம் விட்டாள். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவரு நெனப்புல அவ அத போட்டுகினு இருக்கா மேடம். மத்தியானமே பாக்கியநாதன் அண்ணாவுக்கு போன் பண்ணிட்டேன். பச்சைன்னு மாத்தச் சொல்லிட்டேன்."